நாஃப்பிலியோ போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரீஸ் போகிறேன் என்று யார் சொன்னாலும், அப்படியே நாஃப்பிலியோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அதன் பிறகு வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

இது எந்தத் தீவுல இருக்கு? கப்பல் எங்கே ஏறணும்?

தீவு இல்லை. கிரீஸின் தெற்கே பெலொப்பொனீஸ் என்ற பெரிய நிலப்பரப்பு இருக்கிறதே, அதன் கிழக்குப் பக்கத்தில், ஆர்கோலிக் வளைகுடாவின் கரையில் இருக்கிற ஊர். ஏதென்ஸிலிருந்து சாலை வழியாக சுமார் 140 கிலோமீட்டர். வழியில் கொரிந்து கால்வாயைத் தாண்டுவீர்கள். ஏதென்ஸின் பிராயஸ் துறைமுகத்தில் போய்க் கப்பல் தேட வேண்டாம், பஸ்ஸோ காரோதான்.

சான்டோரினி, மைக்கோனோஸ் எல்லாம் விட்டுட்டு இங்கே ஏன் போகணும்?

விடச் சொல்லவில்லை. ஆனால் கிரீஸின் கதை முழுவதையும் நடந்தே பார்க்கக்கூடிய ஓர் ஊர் வேண்டும் என்றால், என் கணக்கில் இதுதான். சுதந்திர கிரீஸுக்கு முதலில் ஏதென்ஸ் தலைநகரம் இல்லை. 1829 முதல் 1834 வரை நாஃப்பிலியோதான் தலைநகரம். அதற்கு முன்னால் வெனிஸ்காரர்களும் ஆட்டோமான் துருக்கியரும் மாறி மாறி இந்தத் துறைமுகத்தைப் பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரே சதுக்கத்தில் நின்றுகொண்டு வெனிஸ் கிடங்கு, துருக்கியப் பள்ளிவாசல், 19ஆம் நூற்றாண்டு கிரேக்க வீடுகள் என்று மூன்றையும் பார்க்க முடிகிறது.

ஊரைச் சுற்றி அரை மணி, முக்கால் மணி நேர தூரத்துக்குள் இன்னும் பழைய இடங்கள்: மைசீனி, திரின்ஸ் என்ற வெண்கலக் காலக் கோட்டைகள், பழைய நாடக அரங்கம் இருக்கிற எபிடாரஸ். மூன்றுமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள். இத்தனையும் இருந்தும் ஊர் சின்னதாக, உள்ளூர் மனிதர்கள் வாழ்கிற ஊராகவே இருக்கிறது.

ஏதென்ஸ்ல தங்கி, காலையில போய் ராத்திரி திரும்பிடலாமா?

போகலாம், பஸ் அதற்கு ஏற்ற மாதிரி ஓடுகிறது. ஆனால் தயவுசெய்து வேண்டாம். போக வர ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய்விடும், மிச்சம் இருக்கிற நேரம் முழுக்க நடு வெயிலில்தான் அமையும். ஏதென்ஸிலிருந்து வரும் டூர் பஸ்கள் மைசீனி, எபிடாரஸ், நடுவில் நாஃப்பிலியோவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று ஒரே நாளில் அடைத்துவிடுகின்றன. அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து 'நல்ல ஊர்தான், ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்' என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இந்த ஊர் விடிகாலையிலும் மாலை ஆறு மணிக்கு மேலும்தான் ஊராக இருக்கும். குறைந்தது இரண்டு ராத்திரி, முடிந்தால் மூன்று. இங்கே பெட்டியை வைத்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போய்வருவதுதான் சரியான முறை.

கார் இல்லாம எப்படிப் போறது? ரயில் இருக்கா?

ரயில் இல்லை. பழைய மேப்பிலும் சில இணையதளங்களிலும் கோடு தெரியும், நம்ப வேண்டாம், அந்தக் குறுகிய பாதையில் 2011-க்குப் பிறகு பயணிகள் ரயில் ஓடவில்லை. பஸ்தான் வழி. கேடெல் என்ற பெயரில் மாவட்டம்தோறும் பஸ் நிறுவனங்கள் உண்டு, உங்களுக்கு வேண்டியது ஆர்கோலிடா மாவட்டத்தின் பஸ். ஏதென்ஸின் கிஃபிஸோஸ் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பி, கொரிந்து, ஆர்கோஸ் வழியாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்ளும்.

ஏதென்ஸில் பெரிய வெளியூர் பஸ் நிலையங்கள் இரண்டு இருப்பதால் தப்பான இடத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. லியோசியோன் வேறு, கிஃபிஸோஸ் வேறு. விமான நிலையத்திலிருந்து நேராக வருவதென்றால் எக்ஸ்93 என்ற பஸ் கிஃபிஸோஸுக்கே போகும், ஊருக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. நகர மையத்தில் தங்கியிருந்தால் ஓமோனியா பக்கத்திலிருந்து 051. நாஃப்பிலியோவில் இறங்கும் பஸ் நிலையத்திலிருந்து பழைய ஊர் நடக்கும் தூரம்தான்.

எந்த மாசம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அப்புறம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. அக்டோபரிலும் கடலில் இறங்கலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள். பார்க்கிற இடம் எல்லாம் நிழலே இல்லாத வெள்ளைப் பாறை. வெப்ப அலை வரும் நாட்களில் தொல்லியல் இடங்களை மதிய நேரத்தில் மூடிவிடுவதும் நடக்கிறது.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம் என்பேன். ஏதென்ஸ்காரர்களுக்கு இது வார இறுதி ஊர். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை ரூம் விலை ஏறும், உணவகத்தில் இடம் கிடைக்காது. ஞாயிறு மாலை வந்து புதன் காலை கிளம்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் அதே ஊர் அமைதியாகவும் மலிவாகவும் இருக்கும். கிரேக்க ஈஸ்டர் வாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டரிலிருந்து பல வருடங்களில் மாறும். 2026-ல் ஏப்ரல் 12, 2027-ல் மே 2. பெரிய வெள்ளி இரவு ஊர்வலம் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் பல மாதம் முன்பே ரூம் போட்டிருக்க வேண்டும்.

விசா தனியா எடுக்கணுமா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அது இருந்தால் போதும், கிரீஸுக்கென்று தனி விசா கிடையாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள், ஆனால் அந்த வரம்பு வரை யாரும் காத்திருக்கக் கூடாது. கோடை சீசனுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே தாமதமாகும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

இத்தாலி, கிரீஸ் என்று சேர்த்துப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் புகைப்படமும் கைரேகையும் பதிகிற புதிய முறை வந்திருக்கிறது, அதனால் ஏதென்ஸில் இறங்கின உடனே கிளம்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

எங்கே தங்கறது நல்லது? பழைய ஊர்லயா, வெளியிலயா?

பழைய ஊரில். கார் நுழையாத சந்துகள், போகன்வில்லா படர்ந்த பால்கனிகள், பழைய வீடுகளை மாற்றிய சின்னச் சின்ன விடுதிகள். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்: வாசலுக்கு வர எத்தனை படி, உள்ளே லிஃப்ட் உண்டா? ஊர் அக்ரோநாஃப்பிலியா குன்றின் சரிவில் ஏறிப் போகிறது. கடலுக்குப் பக்கத்துத் தெருக்கள் சமதளம், அதற்கு மேலே உள்ள சந்துகளில் பல வெறும் படிக்கட்டுகளே. காட்சி அழகாக இருக்கும் ரூம்கள் எல்லாம் மேலே இருப்பவைதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது உங்கள் பாடு.

இன்னொன்று, ரூம் வாடகைக்கு மேலே அரசாங்கத்தின் தங்கும் வரி ஒன்று உண்டு, அதை நீங்கள் அங்கே போய்த்தான் கட்டுவீர்கள். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் ஒரு ரூமுக்கு ஒரு இரவுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. இணையத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

பாலமிடி கோட்டைக்கு 999 படின்னு சொல்றாங்களே, நிஜமா?

999 என்பது ஊர் சொல்லும் கணக்கு. கோட்டை வாயில் வரை எண்ணியவர்கள் பெரும்பாலும் 850-ஐ ஒட்டிய ஒரு எண்ணைத்தான் சொல்கிறார்கள். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயரம் என்பது கால்களுக்குத் தெரிந்துவிடும். வழக்கமாக நடப்பவருக்கு அரை மணி நேரம் போதும். காலையில் கோட்டை திறக்கும் நேரத்துக்கு மேலே போய்ச் சேருகிற மாதிரி ஏறுங்கள், அப்போது படிகளில் மலையின் நிழல் விழும். தண்ணீரைக் கீழேயே வாங்கி எடுத்துக்கொண்டு போங்கள், கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு என்பதால் பிடிப்பான செருப்போ ஷூவோ போடுங்கள்.

ஏறுவதற்கு முன்னால் அதன் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. வெனிஸ்காரர்கள் 1711 முதல் 1714 வரை, வெறும் மூன்றே வருடத்தில், தனித்தனியாகவே போரிடக்கூடிய எட்டுக் கொத்தளங்களோடு இதைக் கட்டி முடித்தார்கள். அடுத்த வருடமே, 1715-ல், ஆட்டோமான் படை பிடித்துவிட்டது. பிறகு 1822 நவம்பர் 29 இரவு, ஸ்டைகோஸ் ஸ்டைகோப்பூலோஸ் என்பவரின் தலைமையில் கிரேக்கர்கள் ஏறி இதை மீட்டார்கள். மறுநாள் புனித அந்திரேயா திருநாள், உள்ளே இருக்கும் சின்ன தேவாலயம் அவர் பெயரில் இருக்கிறது. சுதந்திரப் போரின் பெரிய தளபதி கொலோகோட்ரோனிஸை, சுதந்திரம் வந்த பிறகு, சொந்த நாட்டு அரசாங்கமே தேசத்துரோகக் குற்றம் சாட்டி இங்கேதான் அடைத்தது. 1834-ல் மரண தண்டனை விதித்து, பின்னர் குறைத்து, 1835-ல் விடுதலை செய்தார்கள். அவருடைய அறை என்று காட்டும் இருட்டுக் குழிக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். அதைப் பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. அவங்களால பாலமிடி பார்க்க முடியாதா?

முடியும். மலையின் பின்பக்கமாகச் சாலை இருக்கிறது, டாக்ஸி நேராக மேல் வாசல் வரை கொண்டுபோய் விடும். திரும்பி அழைத்துப்போக எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஓட்டுநரிடமே சொல்லிவிடுங்கள். ஆனால் உள்ளேயும் தரை மேடும் பள்ளமும்தான், வழுக்கும் கல், நிழல் குறைவு. வாசலிலிருந்து பக்கத்தில் இருக்கும் மதில் வரை போய் வளைகுடாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வது அம்மாவுக்குப் போதும், கொத்தளம் கொத்தளமாகச் சுற்றுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி வயதானவர்களுக்கு ஏற்ற ஊர்தான். துறைமுகக் கரை முழுக்கச் சமதளம், சின்டாக்மா சதுக்கம் சமதளம், பெஞ்சுகள் நிறைய. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மேலே படிக்கட்டைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள்.

கோட்டையை விட்டா ஊருக்குள்ள பார்க்க என்ன இருக்கு?

முதலில் புனித ஸ்பிரிடோன் தேவாலயம். சின்னது, சந்துக்குள் இருக்கிறது, கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். நவீன கிரீஸின் முதல் ஆட்சித் தலைவர் இயோனிஸ் கப்போடிஸ்ட்ரியாஸ் 1831 அக்டோபர் 9 காலை வழிபாட்டுக்கு வந்தபோது இதன் வாசலில்தான் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் மானி பகுதியின் மாவ்ரோமிக்காலிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவர், தங்கள் குடும்பத் தலைவரை அவர் சிறையில் வைத்திருந்தார் என்ற பகை. குண்டு பட்டதாகச் சொல்லும் தழும்பைக் கண்ணாடி போட்டு இன்றும் வைத்திருக்கிறார்கள். பல வருடம் அடிமைப்பட்டு, போராடி, விடுதலை பெற்ற ஒரு நாடு தன் முதல் தலைவரை இப்படி இழந்த இடம் என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் கதவைச் சாதாரணமாகக் கடக்க முடியாது.

அடுத்து, சின்டாக்மா சதுக்கத்தில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம். கட்டடமே 1713-ல் வெனிஸ்காரர்கள் கட்டிய கிடங்கு. உள்ளே டென்ட்ரா கிராமத்தில் 1960-ல் தோண்டியெடுத்த வெண்கலக் கவசம் நிற்கிறது, கிறிஸ்துவுக்கு முன் 15ஆம் நூற்றாண்டு. காட்டுப்பன்றிக் கொம்புகளைக் கோத்த தலைக்கவசமும் கூடவே. இவ்வளவு கனமானதைப் போட்டுக்கொண்டு சண்டை போட முடியுமா, வெறும் சடங்குக்கான உடையோ என்று வெகுகாலம் சந்தேகம் இருந்தது. அதே மாதிரி ஒன்றைச் செய்து கிரேக்க ராணுவ வீரர்களுக்கு அணிவித்து 11 மணி நேரம் சண்டைப் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள், முடியும் என்று 2024-ல் ஆய்வு வந்தது.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கிரீஸின் முதல் நாடாளுமன்றமாக இருந்த பழைய பள்ளிவாசல். கொஞ்சம் நடக்கத் தயார் என்றால் ப்ரோனியா பக்கம் பாறையிலேயே செதுக்கிய தூங்கும் சிங்கம். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து இளவரசர் ஓட்டோ 1833-ல் கிரீஸின் முதல் அரசராக இங்கே வந்து இறங்கினார், அவரோடு வந்து கொள்ளைநோயில் இறந்த பவேரிய வீரர்களுக்கான நினைவு அது.

கடல் நடுவுல இருக்கே ஒரு குட்டிக் கோட்டை, அதுக்குள்ள போகலாமா?

அதுதான் பூர்ட்ஸி. துறைமுகத்திலிருந்து சின்னப் படகுகள் போய்வருகின்றன, சில நிமிடப் பயணம், காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். வெனிஸ்காரர்கள் 1470களில் கட்டியது. பகைக் கப்பல் நுழையாமல் இதற்கும் கரைக்கும் நடுவே இரும்புச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். பாலமிடி சிறையாக இருந்த காலத்தில் கைதிகளின் தலையை வெட்டுபவர்களை ஊருக்குள் வைத்துக்கொள்ள யாரும் சம்மதிக்காததால், அவர்களை இந்தத் தீவில்தான் குடியமர்த்தினார்கள். 20ஆம் நூற்றாண்டில் சில காலம் ஹோட்டலாகவும் இருந்தது.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. நேரம் இருந்தால் போங்கள், இல்லையென்றால் கரையிலிருந்து மாலை வெளிச்சத்தில் பார்த்தாலே போதும்.

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்றது? ரொட்டியும் சாலட்டுமா?

கவலையே வேண்டாம், ஐரோப்பாவில் சைவத்துக்குச் சுலபமான நாடுகளில் இது ஒன்று. ஆர்த்தடாக்ஸ் சபையின் விரத நாட்கள் வருடத்தில் மிக அதிகம், அதனால் இறைச்சியோ பாலோ சேராத சமையல் அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். 'லதெரா' என்று கேளுங்கள், எண்ணெயும் தக்காளியும் சேர்த்து வேகவைத்த காய்கறி வகை. பெரிய வெள்ளை பீன்ஸை அடுப்பில் சுட்ட யிகான்டெஸ், கத்தரிக்காயும் உருளையும் சேர்ந்த பிரியாம், பச்சை பீன்ஸ் போட்ட ஃபஸோலாக்கியா, கீரை வேகவைத்து எலுமிச்சை பிழிந்த ஹோர்ட்டா, கீரை பை. ஃபாவா என்று ஒன்று வரும், நம் கடைந்த பருப்பு போலவே இருக்கும், மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும்.

கவனிக்க வேண்டியது சில. தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைக்கும் யெமிஸ்டாவிலும் திராட்சை இலைச் சுருளான டோல்மாடெஸிலும் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். 'ஹோரிஸ் க்ரேயாஸ்', அதாவது கறி இல்லாமல், என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். தரமோசலாட்டா இளஞ்சிவப்பாக அழகாக இருக்கும், அது மீன் முட்டை. இரவு உணவு அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், பிள்ளைகளோடு போனால் ஏழு மணிக்கே போய் உட்காருங்கள், இடம் தாராளமாகக் கிடைக்கும்.

குளிக்க நல்ல பீச் இருக்கா?

ஊரை ஒட்டியே அர்வனிட்டியா, கூழாங்கல் கரை, தண்ணீர் தெளிவு, ஆனால் சீக்கிரம் ஆழமாகும். அங்கிருந்து கடலோரப் பாதையில் சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்தால் கராத்தோனா, மணலும் ஆழம் குறைந்த தண்ணீரும், பிள்ளைகளுக்கு அதுதான். அந்த நடை எனக்கு ஊரிலேயே மிகப் பிடித்தது, காலையில் போய்விடுங்கள். மணல் கரையும் கடைகளும் வேண்டும் என்றால் பஸ்ஸில் டோலோ.

மைசீனிக்கு பஸ்ஸில போக முடியுமா? ஒரே நாள்ல எபிடாரஸும் சேர்த்துப் பார்க்கலாமா?

மைசீனிக்குப் பஸ் உண்டு, ஆனால் நாளைக்குச் சில தடவைதான், வார இறுதியில் இன்னும் குறைவு. முந்தின நாள் மாலையே பஸ் நிலையத்தில் போய் அன்றைய நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஃபிக்தி என்ற கூட்டுச் சாலையில் இறக்கிவிடும் பஸ்ஸில் ஏறினால் அங்கிருந்து மூன்று நாலு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். பஸ்ஸை நம்பி மைசீனி, எபிடாரஸ் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள், இரண்டும் எதிரெதிர்த் திசை. கார் அல்லது டாக்ஸி இருந்தால் முடியும்.

மைசீனியில் பலர் செய்யும் தவறு, சிங்க வாயில், கோட்டை, அருங்காட்சியகம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது. சாலையில் கொஞ்சம் கீழே இறங்கினால் அட்ரேயஸின் கருவூலம் என்று சொல்லும் கல்லறை இருக்கிறது, அதே டிக்கெட்தான். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக உள்வளைத்து 13 மீட்டருக்கு மேல் உயர்த்திய குவிமாடம், வாசலுக்கு மேலே கிடக்கும் ஒற்றைக் கல் மட்டும் 100 டன்னுக்கு மேல். ஜெர்மன் தொல்லியலாளர் ஷ்லீமான் 1876-ல் தோண்டியெடுத்த தங்க முகமூடியை இங்கே தேடாதீர்கள், அது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் திரின்ஸ். யாருமே கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். நாஃப்பிலியோவிலிருந்து நாலு கிலோமீட்டர், ஆர்கோஸ் போகும் பஸ் அதன் வாசலைத் தாண்டித்தான் போகும். மைசீனி காலத்து மதில், சில இடங்களில் எட்டு மீட்டர் தடிமன், மனிதர்களால் முடியாது, ஒற்றைக்கண் அரக்கர்கள்தான் கட்டினார்கள் என்று பழைய கிரேக்கர்களே நம்பிய அளவுக்குப் பெரிய கற்கள். சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டம், பெரும்பாலும் கூட்டமே இருக்காது.

எபிடாரஸ்னு போட்டு வழி கேட்டா ரெண்டு இடம் காட்டுதே, எது சரி?

நல்ல கேள்வி, இதில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் தேடும் பெரிய அரங்கம் லிகூரியோ ஊருக்குப் பக்கத்தில், உள்நாட்டில், அஸ்க்ளெபியோஸ் என்ற வைத்தியக் கடவுளின் கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. பழைய எபிடாரஸ் என்ற பெயரில் கடற்கரையில் ஒரு கிராமம் தனியாக உண்டு, அங்கேயும் ஒரு சின்னப் பழைய அரங்கம் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பஸ்ஸில் ஏறும்போது 'அஸ்க்ளெபியோ, தியாத்ரோ' என்று சொல்லுங்கள், சரியான இடத்தில் விடுவார்கள். திரும்பும் கடைசிப் பஸ் சீக்கிரமே போய்விடும், இறங்கும்போதே நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எவ்வளவு? எந்தெந்த நாள் மூடி இருக்கும்?

தொகையை இங்கே எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், காரணம் 2025 ஏப்ரலில் நாடு முழுக்கக் கட்டணங்களை மாற்றிவிட்டார்கள், பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலைகளை வைத்து பட்ஜெட் போட்டவர்கள் வாசலில் அதிர்ந்து போனார்கள். அரசின் டிக்கெட் இணையதளத்தில் கிளம்புவதற்கு முன் பாருங்கள். கோடையில் காலை 8 மணிக்குத் திறந்து மாலை வரை இருக்கும், குளிர்காலத்தில் மாலை மூன்றரைக்கே மூடிவிடுவார்கள்.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் எல்லாம் மூடல். அருங்காட்சியகம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பெரும்பாலும் செவ்வாய். மார்ச் 6, ஏப்ரல் 18, செப்டம்பர் கடைசி வார இறுதி, அக்டோபர் 28 ஆகியவை இலவச நாட்கள். அக்ரோநாஃப்பிலியா குன்றுக்கு எப்போதும் டிக்கெட் கிடையாது, ஊரின் மிகப் பழைய மதில்கள் அங்கேதான், சூரியன் மறையும் நேரத்துக்கு ஏறுங்கள்.

அப்போ கார் எடுக்கறதே நல்லதா?

ஊருக்குள் கார் பாரம்தான், சுற்று ஊர்களுக்கு வரம். அதனால் நான் சொல்வது இது: பஸ்ஸில் வந்து சேருங்கள், ஒரு நாளுக்கு மட்டும் நாஃப்பிலியோவிலேயே கார் வாடகைக்கு எடுங்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் வேண்டும், அதை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அங்கே வலது பக்க ஓட்டம், பழக்கமில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து அரை நாள் டாக்ஸி பேசுவது பெரிய செலவும் இல்லை, மனசுக்கும் நிம்மதி. துறைமுகத்தில் பெரிய பார்க்கிங் இடம் இருக்கிறது.

மூணு ராத்திரி இருந்தா எப்படிப் பிரிக்கறது?

வந்து சேரும் நாள் மாலையில் ஒன்றும் திட்டம் வேண்டாம், துறைமுகக் கரை, சதுக்கம், சாப்பாடு. மறுநாள் காலை பாலமிடி, மதியம் அருங்காட்சியகம், மாலை அர்வனிட்டியா. அருங்காட்சியகத்தை மைசீனிக்கு முன்னால் வைப்பது வேண்டுமென்றேதான், கவசத்தைப் பார்த்த கண்ணோடு போனால் அந்தக் கற்கள் வேறு மாதிரி தெரியும். மூன்றாம் நாள் காலை மைசீனி, திரும்பும்போது திரின்ஸ். நான்காம் நாள் எபிடாரஸ் போய்வந்து மாலை பஸ்ஸில் ஏதென்ஸ். இரண்டே ராத்திரி என்றால் மைசீனியும் எபிடாரஸும் ஒரே நாளில், டாக்ஸியில்.

ஹைட்ரா, ஸ்பெட்ஸெஸ் தீவுகளையும் இதில் நுழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கோடையில் ஒருநாள் படகுப் பயணங்கள் இருக்கின்றன, ஆனால் அதற்கு நான்காவது ராத்திரி வேண்டும்.

எபிடாரஸ்ல ராத்திரி நாடகம் நடக்குமாமே. கிரேக்க மொழி தெரியாம போய் உட்கார்ந்தா புரியுமா?

ஜூலை, ஆகஸ்ட்டில் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நடக்கும். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் கட்டிய, பத்தாயிரத்துக்கு மேல் பேர் உட்காரும் அதே அரங்கத்தில், அதே சோஃபோக்ளீஸ், யூரிப்பிடீஸ் நாடகங்கள். ஆங்கில வசனம் திரையில் ஓடும். ஆனாலும் கதையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ முன்கூட்டியே ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள், திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மேடையை விட்டுவிடுவீர்கள். சத்தம் கடைசி வரிசை வரை கேட்பதற்கு, வரிசையாக ஏறும் சுண்ணாம்புக்கல் இருக்கைகள் கூட்டத்தின் தாழ்ந்த முணுமுணுப்பை வடிகட்டுவது ஒரு காரணம் என்று 2007-ல் ஓர் ஆய்வு சொன்னது. கீழே கிசுகிசுப்பதுகூட மேல் வரிசையில் தெளிவாகக் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வதை மட்டும் பின்னால் வந்த அளவீடுகள் ஆதரிக்கவில்லை.

டிக்கெட்டில் பெரிய அரங்கமா, கடற்கரைக் கிராமத்துச் சின்ன அரங்கமா என்று பாருங்கள், எபிடாரஸுக்கு வழி கேட்ட கேள்வியில் சொன்ன குழப்பம் இதிலும் வரும். ஹீல்ஸ் செருப்புக்கு அனுமதி கிடையாது, கல்லைக் கெடுத்துவிடும். இருக்கை வெறும் கல், மேல் வரிசைக்கு ஏற நேரம் எடுக்கும், அதனால் ஒரு மணி நேரம் முன்பே போங்கள். நாடகம் முடிய நள்ளிரவு ஆகிவிடும். நிகழ்ச்சி நாட்களில் நாஃப்பிலியோவிலிருந்து தனிப் பஸ் விட்டால் போக வர டிக்கெட்டை பகலிலேயே வாங்கிவிடுங்கள், அன்று பஸ் இல்லை என்றால் டாக்ஸிக்காரரிடம் திரும்பும் நேரத்தையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஏதென்ஸிலிருந்து விமானம் இருந்தால் அந்த நாடகத்துக்கு டிக்கெட் போட வேண்டாம்.